மத்தியானத்து ராசம்மாள்

கோகிலா முதலில் சந்தேகப்பட்டது தன் கண்ணைத்தான். நேற்று மத்தியானம் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரத்துக்கு வந்து நின்ற ராசம்மாள், இன்று மத்தியானம் கோகிலாவின் தோளுக்குக்கூட எட்டவில்லை. ஒரே ஆள் ஒரு ராத்திரியில் குட்டையாகிப் போக முடியுமா? முடியாது. ஆனால் “ராசம்மா!” என்று கூப்பிட்டால் “இருக்கேனுங்க” என்று பதில் வருகிறதே! சேந்தமங்கலத்தில் கண் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி அவர் அவளை இன்னும் குழப்பி அனுப்பினார்.

அவள் வேலை பார்த்த மிளகுக் கம்பெனி மலைமேல் வளப்பூர் நாட்டில் இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கூடம், முன்னால் ஒரு ஆபீஸ் அறை, பின்னால் ஒரு பாறை, அவ்வளவுதான். சுற்றுப்பட்டுக் காட்டு மிளகெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் அதைப் புடைத்து, கல்லும் காம்பும் பொறுக்கி, சலித்துத் தரம் பிரித்துப் பையில் அடைப்பார்கள். காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். தின்கிற பண்டம் என்பதால் எல்லோருக்கும் தலையில் வெள்ளைத் தொப்பி, முகத்தில் மாஸ்க், மேலே பச்சைக் கோட்டு. கண் மட்டும்தான் வெளியே தெரியும், அதுவும் மிளகுத் தூசியில் சிவந்து கலங்கிய கண். அந்தக் கோலத்தில் பெற்ற தாயே எதிரில் வந்தாலும் யாரோ என்று வழிவிட்டு நிற்க வேண்டியதுதான்.

கோகிலாவை அங்கே அனுப்பியது ஒரே ஒரு காரியத்துக்கு. கம்பெனி புதிதாக ஒரு கம்ப்யூட்டர் முறையைக் கொண்டு வந்திருந்தது. வாசலில் சுவரோடு ஒரு டேப்லெட். வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் நம்பரை அதில் தட்ட வேண்டும், என்ன வேலை, எத்தனை கிலோ என்று தொட்டுக் காட்ட வேண்டும். சாயங்காலம் அதைக் கழற்றிக்கொண்டு பாறை மேல் ஏறினால், சிக்னல் கிடைத்து எல்லாம் நாமக்கல் ஆபீசுக்குப் போய்ச் சேரும். பெண்கள் எல்லோரையும் இதற்குப் பழக்கிவிட்டால் கோகிலாவுக்கு வேலை நிரந்தரம். பழக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

வீடு என்பதுதான் அவளுக்குப் பயம். முதலில் வேலை பார்த்த சீட்டுக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டாவதாகச் சேர்ந்த ஜவுளிக்கடையில் முதலாளியோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு இவளே வந்துவிட்டாள். கணவன் முரளி லாரிப் பட்டறையில் வேலை செய்பவன், கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் மலை வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கே சொல்லிவிட்டான்: “இதுவும் போச்சுன்னா பேசாம ஊட்டுல இரு. நானும் எத்தன தடவைதான் அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்றது?” அந்த நாலு சுவருக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. அதனால்தான் தினமும் முதல் பஸ்ஸில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் குடல் புரளப் புரள மேலே வந்து சேர்ந்தாள்.

வந்தவளை யார் மதித்தார்கள்! டேப்லெட்டைப் பெண்கள் காலண்டரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்கள். அன்று முழுக்க அது தொட்டாலும் அசையவில்லை. கோகிலா வகுப்பு எடுத்தாள். முதலில் பதிவு போடுகிறவர்களுக்குச் செலவோடு செலவாக போண்டா வாங்கிக் கொடுத்தாள். போண்டாவைத் தின்றுவிட்டு, “நல்லா இருந்துச்சுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கடைசியில் ஒருநாள் பொறுமை கெட்டுக் கத்திவிட்டாள். “இதுல ஏறாத வேலை செய்யாத வேலைதானுங்க! இதுல ஏறிட்டா வேலை நடந்துச்சுன்னு கம்பெனி ஒத்துக்கும். யாரு எவருன்னு ஒருத்தரும் வந்து உங்களக் கேக்க மாட்டாங்க, போதுங்களா?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னாயி என்ற மூத்தவள், “யாரு எவருன்னு கேக்க மாட்டாங்களாங்க?” என்று மறுபடி ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். “கேக்கவே மாட்டாங்க,” என்றாள் கோகிலா.

மறுநாளிலிருந்து டேப்லெட் முன்னால் வரிசை நின்றது. ஒரு பதிவு தவறவில்லை. தன் வாய்ச்சாலகத்தை நினைத்து கோகிலாவுக்கே பெருமை தாங்கவில்லை. பாறை மேல் ஏறி முரளிக்குப் போன் போட்டு, “எல்லாரும் மாறிட்டாங்க, தெரியுமா!” என்று கூவினாள்.

அப்புறம்தான் ராசம்மாள் குழப்பம். மத்தியானக் கூட்டத்தில் அவள்தான் கெட்டிக்காரி, ஒருநாள்கூட லீவு எடுக்காதவள். ஒருநாள் பேச்சுவாக்கில் கோகிலா அவளிடம், “எத்தன புள்ளைங்க?” என்று கேட்டாள். “ரெண்டு பசங்களுங்க,” என்றாள். அடுத்த வாரம், “பசங்க என்ன படிக்கறாங்க?” என்றால், “எனக்கு ஒரே பொண்ணுதானுங்க, அரியூர்ல கட்டிக் குடுத்துட்டேன்,” என்கிறாள். இன்னொரு நாள் ராசம்மாளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. தனக்குத்தான் மறதி வியாதி வந்துவிட்டதோ என்று கோகிலா வீட்டில் வெண்டைக்காயாகச் சமைத்துத் தின்ன ஆரம்பித்தாள்.

இப்படியிருக்கையில் ஒருநாள் மத்தியானம் கோகிலா பாறை மேல் இருந்தபோது நாமக்கல் ஆபீசிலிருந்து சந்தோஷ்குமார் போன் செய்தார். புதிதாக வந்திருக்கும் மேனேஜர், கோகிலாவை அவர் நேரில் பார்த்ததில்லை. “நம்ம எல்லா யூனிட்லயும் பார்த்தா உங்க ராசம்மாதான் நம்பர் ஒன். ஒருநாள்கூட விடல. நான் இன்னைக்கு ராத்திரியே மேல வந்து செம்மேட்டுல தங்கிட்டு, காலைல எட்டு மணிக்கு வந்து அந்தம்மாவுக்குப் பொன்னாடை போத்தறேன். உங்க நிரந்தர விஷயத்தையும் நாளைக்கே முடிவு பண்ணிடலாம். நீங்க ஒரு அரைமணி எல்லாருக்கும் டேப்லெட் வகுப்பு எடுத்துக் காட்டுங்க, பார்க்கறேன்,” என்றார்.

கோகிலா பாறையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். மத்தியானக் கூட்டத்தின் நடுவில் நின்று, “ராசம்மா! மாஸ்க்கக் கழட்டுங்க, ஒரு போட்டோ எடுத்து சாருக்கு அனுப்போணும்!” என்றாள்.

கூடத்தில் முறம் புடைக்கிற சத்தம் நின்றுபோனது. ஓரத்தில் இருந்தவள் எழுந்து மாஸ்க்கை இறக்கினாள். பொன்னாயி!

“ஏனுங்க அக்கா, நீங்க பொன்னாயி இல்லீங்களா?”

“காலைல பொன்னாயிங்க. இப்ப ராசம்மா.”

கோகிலா மிளகு மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் பொன்னாயி நிதானமாக, ஒளிக்க ஒன்றும் இல்லாதவள்போல, எல்லாவற்றையும் சொன்னாள். ராசம்மாளின் புருஷன் காத்தான் மிளகு பறிக்க மரத்தில் ஏணி வைத்து ஏறியவன் விழுந்துவிட்டான், முதுகெலும்பு பிசகிவிட்டது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ராசம்மாள் அவன் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறாள். கோகிலா இங்கே வேலைக்கு வருவதற்கு முந்தியே போனவள், இன்னும் திரும்பவில்லை. காலைக் கூட்டத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நாள் மத்தியானமும் தங்கி அவள் வேலையைச் செய்கிறார்கள். சம்பளம் ராசம்மாள் கணக்குக்குப் போய்விடுகிறது.

“ஒரு ஊட்டுல ஆளு படுத்துட்டா அந்த ஊட்டுக் காடு சும்மா கெடக்க உட மாட்டமுங்க. ஆளுக்கொரு மொறை போயி உழுதுருவோம், அறுத்துருவோம். அது அவிய வேலைதானுங்க, நாம செஞ்சா நம்ம வேலை ஆயிருமா? காட்டுல செய்யறதத்தான் இங்கயும் செஞ்சோம். மொதல்ல இந்தப் பொட்டியில மாத்தாள எப்படி ஏத்தறதுன்னு தெரியாம பயந்துக்கிட்டு இருந்தோம். நீங்கதான் சொன்னீங்க, யாரு எவருன்னு கேக்க மாட்டாங்கன்னு.”

“காடு வேற, கம்பெனி வேறங்க அக்கா!”

“எதுலீங்க வேற?”

எதில் வேறு? கோகிலாவுக்குக் கோபம்தான் வந்தது. “இதுக்குப் பேரு மோசடி!” என்று கத்தினாள்.

“யாருங்க மோசம் போனது? மிளகு சுத்தமாயிருச்சுல்லீங்க,” என்றாள் பொன்னாயி.

“நான் மோசம் போனேன்! நாளைக்கு அவர் வந்து பாத்துட்டு நிரந்தரம் பண்ணாத்தான் எனக்கு இந்த வேலை. இல்லீன்னா காலத்துக்கும் ஊட்டுக்குள்ள கெடக்கோணும். உங்களுக்கு என்ன தெரியும்! காலைல மொதல் வேலையா அவர்கிட்ட உள்ளதச் சொல்லிருவேன்.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பெண்கள் கெஞ்சவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. சுசித்ரா என்ற சின்னவள் மட்டும், “மேடத்துக்கு இன்னும் நிரந்தரம் ஆகலையாமா?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள். “அது எங்களுக்குத் தெரியாதுங்களே,” என்றாள் பொன்னாயி. அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அது கோகிலாவை இன்னும் குழப்பியது.

மறுநாள் பார்த்து மலைப்பாதையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த லாரி ஒன்று வளைவில் குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் வண்டிகள் அடுக்கிக்கொண்டன. கோகிலாவின் பஸ் அந்த வரிசையின் நடுவில். எட்டு மணி ஆனது. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இறங்கி நடந்து பார்த்தாள், ஏற்றத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். ஒன்பதும் ஆனது. அங்கே மேனேஜர் வந்து நின்று, கோகிலா எங்கே என்று கேட்பார், ராசம்மாள் எங்கே என்று கேட்பார். இரண்டு பேரும் இருக்க மாட்டார்கள். ஏமாற்று வேலைக்கு இவளும் உடந்தை என்றுதானே நினைப்பார்? முரளியின் முகம் கண்முன் வந்தது. பயத்தில் மேனேஜருக்குப் போனில் தட்ட ஆரம்பித்தாள்.

“சார், நான் வரத் தாமதமாகும். ஒரு உண்மை சொல்ல வேண்டும். ராசம்மாள் என்று யாரும் வேலைக்கு வருவதில்லை. மற்றவர்கள் அவள் நம்பரில் பதிவு போடுகிறார்கள். எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பெயரை நீக்கிவிடவும்.”

அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். போகவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. பார்த்துப் பார்த்தே பேட்டரி தீர்ந்து போன் அணைந்தது. மனசு கொஞ்சம் லேசானது. லேசானதை உணர்ந்ததும் ஒரு அசிங்கத்தை மிதித்துவிட்டதுபோலவும் இருந்தது.

லாரியை நகர்த்தி, பஸ் ஊர்ந்து, அவள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானமே தாண்டிவிட்டது. திட்டு வாங்கத் தயாராக உள்ளே நுழைந்தவளைப் பார்த்ததும் கூடமே சிரித்தது. “வாங்க, வாங்க! மேடம் பாஸாயிட்டாங்க!” என்றாள் சுசித்ரா. அவள் தோளில் ஜரிகைப் பொன்னாடை.

“சார் எங்க?”

“அப்பவே அந்தப் பக்கம் முள்ளுக்குறிச்சி ரோட்டுல எறங்கிப் போயிட்டாருங்க. இந்தப் பக்கம் லாரி நிக்குதுன்னு காலைலயே பால்காரரு சொல்லிட்டாரு. நீங்க சிக்கிக்கிட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சு,” என்றாள் பொன்னாயி. “சார் வந்து, கோகிலா யாருன்னு கேட்டாருங்க. இன்னைக்குக் கோகிலா மொறை நானுங்கன்னு சொன்னேன். அவருக்கு எந்த அளவுக்குப் புரிஞ்சுதோ தெரியல, சந்தோஷம்னு கை குடுத்தாரு. எல்லாரும் மாஸ்க்கு போட்டுக்கிட்டோம், அவருக்கும் ஒண்ணு குடுத்தோம். நீங்க எடுக்கற வகுப்ப அப்பிடியே எடுத்தேனுங்க, நடுவுல ஒரு தடவ கத்தறதுகூட. ராசம்மா மொறைக்கு சுசித்ரா நின்னா.”

கோகிலா கோபப்பட வேண்டுமா, கும்பிட வேண்டுமா? அவள் பேரில் ஒருத்தி நின்று அவள் வேலையைக் காப்பாற்றியிருக்கிறாள். அப்படியென்றால் இன்றைக்கு வேலைக்கு வந்தவள் யார், இப்போது வந்து நிற்பவள் யார்? “ஏனுங்க அக்கா, நான்தான் உங்களக் காட்டிக் குடுத்துருவேன்னு நேத்துச் சொன்னேனே?” என்று மட்டும் கேட்டாள்.

“அது நேத்துங்க. இன்னைக்கு நீங்க வழியில மாட்டிக்கிட்டீங்க. அப்பிடியே உட்ற முடியுங்களா?”

சுசித்ரா அதற்குள் போனை வாங்கிச் சார்ஜில் போட்டு, உயிர் வந்ததும் எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினாள். நிரந்தரச் செய்தி வந்திருக்கும், பார்க்கலாம் என்று பெண்கள் கோகிலாவையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். அந்தப் பாறையில் போனைக் காதில் வைத்தால் சிக்னல் அறுந்துவிடும், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். சுசித்ரா தூக்கிப் பிடித்தாள். போன் உறுமிற்று. “வந்துருச்சு! ‘கோகிலா, வாழ்த்துகள், இன்று முதல் நீங்கள் நிரந்தரம்’!” என்று அவள் உரக்கப் படித்தாள். பெண்கள் கை தட்டினார்கள்.

அப்போதுதான் கோகிலாவுக்குப் பஸ்ஸில் தட்டியது நினைவுக்கு வந்தது. எட்டிப் போனைப் பிடுங்கினாள். அந்தச் செய்தி போய்விட்டிருந்தது. அழிக்கலாம் என்று விரலை வைப்பதற்குள் அதைப் படித்துவிட்டதற்கான நீலக்குறி விழுந்தது. உடனே மணியும் அடித்தது. சந்தோஷ்குமார்தான்.

கை தானாக மேலே தூக்கிப் பிடித்தது. எல்லோருக்கும் கேட்டது.

“என்ன கோகிலா இது மெசேஜ்? காலைல என் கையால ராசம்மாவுக்குப் பொன்னாடை போத்துனேன், நீங்கதான பேர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துனீங்க? இப்ப ராசம்மான்னு ஒருத்தரும் வேலைக்கு வரலை, பேரை நீக்கிடுங்கன்னா என்ன அர்த்தம்? தாமதமா வர்றேன்னு வேற போட்டிருக்கீங்க, எட்டு மணிக்கே நின்னீங்களே?”

தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கோகிலாவால் முடியவில்லை. ராசம்மாள் இல்லை என்று சொன்னால் காலையில் நின்ற கோகிலாவும் இல்லை. இருக்கிறாள் என்று சொல்லவோ வெட்கமாக இருந்தது.

“சார்... நான் வந்து...”

“குரலே வேற மாதிரி இருக்கே. யாரு பேசறது?”

பொன்னாயி இரண்டு எட்டில் பக்கத்தில் வந்தாள். கோகிலாவின் விரல்களைப் பிரித்துப் போனை எடுத்துத் தன் தலைக்கு மேல் பிடித்தாள். முகத்தில் மாஸ்க் இல்லை. அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள் கோகிலா. கோபம் இருந்தது, வலியும் இருந்தது, ஆனால் குரல் காலையில் வகுப்பெடுத்த குரலாகத்தான் வந்தது.

“கோகிலா பேசறேனுங்க சார். பயத்துல கிறுக்குத்தனமா என்னமோ தட்டிட்டேனுங்க. சிக்னல் இல்லாம கெடந்து இப்பப் போயிருக்குது. அத அழிச்சுப்போடுங்க. ராசம்மா இங்கதானுங்க இருக்கா.”

“இருக்கேனுங்க சார்!” என்றாள் சுசித்ரா.

“இருக்கேனுங்க!” என்றார்கள் இன்னும் இரண்டு பேர், பழக்க தோஷத்தில்.

“சரி, சரி. உடம்பைப் பார்த்துக்குங்க. ராத்திரி நல்லாத் தூங்குங்க,” என்று அவர் வைத்துவிட்டார். பாவம், அவரும் குழம்பித்தான் போயிருப்பார்.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வேலைக்குப் போனார்கள். யாரும் கோகிலாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொன்னாயி மட்டும் நின்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோகிலாவுக்கு இருந்தது. கண்ணீர் மட்டும் தாராளமாக வந்தது.

“ஞாயித்துக்கெழம ராசம்மா காட்டுல மரவள்ளிக்குக் களை எடுக்கோணும்,” என்றாள் பொன்னாயி. “அது என் மொறை. இன்னைக்கு உங்க மொறைய நான் பாத்தேன். அன்னைக்கு என் மொறைய நீங்க பாத்துருங்க.”

“எனக்குக் களை எடுக்கத் தெரியாதுங்களே அக்கா.”

“எனக்கு மட்டும் மேடமா நிக்கத் தெரியுமாக்கும்?”

கோகிலா மூக்கை உறிஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை எங்கே என்று முரளி கேட்பான், யாருடைய வேலைக்கு யாருக்குப் பதிலாகப் போகிறாய் என்று கேட்பான். அவனுக்கு விளங்க வைக்கிற அளவுக்கு அவளுக்கே இன்னும் விளங்கவில்லை. “எத்தன மணிக்கு வரோணுங்க?” என்று கேட்டாள்.

“வெயில் ஏறறதுக்குள்ள வந்துரு கண்ணு,” என்று சொல்லிவிட்டு பொன்னாயி பாறையிலிருந்து இறங்கினாள்.